பரிசல் வராத ஞாயிறு

9-11-83, புதன்

காலையிலிருந்து தூறல். ஆபீஸ் வாசலில் முழங்கால் சேறு. மூன்று லாரி லோடுக்கு நிற்கிறது, ஒன்றுக்கும் சரக்கில்லை. டெலிபோன் இரண்டு முறை செத்துப் பிழைத்தது. இங்க் வாங்க வேண்டும்.

மத்தியானம் கு.வேல் தலை நிறைய மரத்தூளோடு பட்டறையிலிருந்து நேரே வந்து என் மேஜை மேல் உட்கார்ந்தான். லாரிக்குப் பாடி கட்டுகிறவனுக்கு நாற்காலி எதற்கு. தீவுப் பயணத்துக்கு இன்றே முடிவு சொல்ல வேண்டுமாம். சித்திரையில் ராமேஸ்வரம் என்று ஆரம்பித்தான். ஆளுக்கு என்ன ஆகும் என்று பார்க்கப் பார்க்க ராமேஸ்வரம் சுருங்கி, இப்போது காவிரிக்கரை வேலூருக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் கிடக்கும் ஒரு மண் திட்டில் வந்து நிற்கிறது.

"சுத்தியும் தண்ணி, நடுவுல மண்ணு. தீவுன்னா அதானேடா? ராமேஸ்வரத்துல மட்டும் என்ன பொன்னா கொட்டிக் கெடக்குது?"

அடுத்த வாரம் வியாழன் கார்த்திகை ஒன்று. கு.வேல் சபரிமலைக்கு மாலை போடுகிறான். அதற்குள் கறியும் சாராயமும் கழுத்து வரை வேண்டும். அ.நாரி (அர்த்தநாரி, ரேஷன் கடையில் எடை போடுகிறவன்) வேண்டுதல் வைத்திருக்கிறான். பையன் பிறந்து ஏழு மாதம். திட்டில் இருக்கும் கருப்பண்ணசாமிக்குக் கிடா வெட்ட வேண்டும். ந.தம்பிக்கு (நல்லதம்பி, எங்கள் நால்வரில் காடு தோட்டம் உள்ளவன் அவன் ஒருவன்தான்) எதுவும் வேண்டாம், வரவே இஷ்டமில்லை. போன கோடையில் கிணறு வற்றியது. ஞாயிறு மத்தியானம் அவன் காட்டில் போர் போட ரிக் வண்டி வருகிறது. நாங்கள் இழுப்பதால் வருகிறான், ஞாயிறு காலை திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சில்.

எனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சிரிப்பார்கள். எனக்கு இரண்டு முழு நாள் வேண்டும். முப்பத்து மூன்று வயதில், சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர ஒரு ராத்திரி வெளியே தங்கியதில்லை. வீட்டில் பதினொரு பேர். சும்மா மல்லாந்து படுத்து, என்னை யாரும் கூப்பிடாமல் இரண்டு நாள். சனி, ஞாயிறு. திங்கள் காலை எழுந்து முகம் கழுவி ஆபீஸ் வந்தால் போதும்.

10-11, வியாழன்

மழை இல்லை. கொண்டுபோக வேண்டியவை:

தார்ப்பாய் 1 (ஆபீஸுடையது. முதலாளியிடம் சொல்லவில்லை)
அரிசி 4 படி, மிளகாய்த்தூள், உப்பு
கடலை எண்ணெய் (கு.வேல்)
குண்டா 2, அகப்பை, அருவாள்
டார்ச். பேட்டரி தீர்ந்திருக்கிறது
தலைவலி மாத்திரை
பாய் 2

ஆளுக்குப் பதினைந்து ரூபாய் என்று முடிவு. கிடா அ.நாரியுடையது. "சின்னதாத்தான் புடிச்சிருக்கறேன், சாமி கோவிச்சுக்காது" என்கிறான்.

சாயங்காலம் டீக்கடையில் சண்டை. ந.தம்பி ஞாயிறு ஏழு மணி என்பதில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறான். "தண்ணிக்குப் பூசை போட நான் நிக்கோணுமில்ல? பொண்டாட்டி நின்னா ஆவுமா?" அதற்கு அ.நாரி ஒரு புது விஷயம் சொன்னான். கருப்பனுக்கு வெட்டிய கறி ஆற்றைத் தாண்டக் கூடாதாம். ஒரு துண்டு எலும்பு கூட. அங்கேயே தின்று தீர்த்துவிட்டுத்தான் கரையேற வேண்டும். கு.வேலுக்குச் சந்தோஷம். ந.தம்பி டீயை வைத்துவிட்டு எழுந்து போனான்.

நான் உள்ளுக்குள் கருப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

11-11, வெள்ளி

சாந்தாவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்றதும் அவள் முகத்தில் கோபமில்லை, ஆச்சரியம்தான். "என்ன வேல அங்க?" ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு நாளு?"  அண்ணி சமையலறையிலிருந்து, "போவுட்டும் உடு சாந்தா, ஆம்பளைக்கு நெனச்சா கெளம்பலாம்" என்றாள். உண்மைதான். அதனால் இன்னும் எரிச்சல்.

பல் வலி லேசாக. கிராம்பு.

12-11, சனி. திட்டில், மத்தியானம் மூன்று மணி இருக்கும்

எழுதுகிற இடம்: ஒரு பூவரச மரத்தடி. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறம், சரியான ஓட்டம். இக்கரையிலிருந்து அக்கரை வேப்பமரம் தெரிகிறது, மரத்தடியில் கவிழ்த்து வைத்த பரிசலும் தெரிகிறது. ஆளைக் கண்டால் இன்னார் என்று சொல்லிவிடலாம், கத்தினால் கேட்காது.

திட்டின் நீளம் முந்நூறு நானூறு அடி. நாணலும் கோரையும். கருப்பண்ணசாமி மூன்று கல், ஒரு வேல். வேறு ஜீவன் இல்லை. அருமை.

பரிசல்காரர் பெயர் ஆறுமுகம். ஐம்பது இருக்கும். குச்சிக் கால், பேச்சுக்குப் பேச்சு சாமி. கிடா பரிசலில் ஏற மறுத்து ஒரே கூத்து. அவர்தான் அதன் கண்ணில் துண்டைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டார். இறங்கும்போது ந.தம்பி எல்லார் முன்னாலும் சொன்னான்: "நாளைக்கு வெடியால ஏழு மணிக்கு வந்துரு ஆறுமுகம். மறந்துறாத." ஆறுமுகம்: "வாரேனுங்க சாமி. நடுவுல ஏதாச்சும் வேணும்னா இங்கிருந்து துண்டை வீசுங்க, நான் மரத்தடியிலயேதான் கெடப்பேன்."

வந்து பார்த்தால் எண்ணெய் பாட்டில் இல்லை. கு.வேல் அதை அக்கரை டீக்கடைப் பெஞ்சில் வைத்துவிட்டான். சாராயத்தை மட்டும் மறக்கவில்லை. நான் போய் எடுத்து வருகிறேன் என்று ஆறுமுகத்தோடு திரும்பினேன்.

போகும்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும். ஏன் சொன்னேன் என்று யோசிக்கவில்லை, வாய் தானாகச் சொன்னது. நாளைக்கு வரவேண்டாம், திங்கள் விடிந்ததும் வந்தால் போதும் என்றேன். "அந்தச் சாமி ஏழு மணின்னு சொல்லுச்சுங்களே?" கறி மிச்சமிருக்கும், ஆறு தாண்டக் கூடாது, அவனிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். தலையாட்டினார். இன்னொன்றும் சொன்னேன். நாளைக்கு யாராவது துண்டை வீசினாலும் வராதே, குடித்துவிட்டு விளையாட்டுக்குக் கூப்பிடுவார்கள். சிரித்தார். "குடிச்சாக்க அப்படித்தானுங்க. போன மாசம் ஒரு கூட்டம் பீடிக்காக நாலு தடவ என்னையக் கூப்புட்டுப்போட்டாங்க."

ந.தம்பியிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லலாம். ரிக் வண்டி ஒரு நாள் தள்ளி வந்தால் பூமி ஓடிவிடுமா? இருக்கும் தண்ணீர் அங்கேயேதான் இருக்கும்.

கிடா வெட்டியாயிற்று. அ.நாரி கண்ணில் தண்ணீர், பையன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கும்பிடுகிறான். குழம்பு கொதிக்கிறது. வயிற்றில் பசி, மேலே பூவரச இலை, கையில் பேனா. கு.வேல் பாடுகிறான். சகிக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இவ்வளவு நிம்மதி எனக்கு ஞாபகம் தெரிந்து இல்லை.

அதே நாள், பொழுது சாய

இன்னும் சொல்லவில்லை. ந.தம்பி பாயை மட்டும் எடுத்துக்கொண்டு நாணல் ஓரமாகப் போய்ப் படுத்துவிட்டான். கு.வேலின் சாராய நெடி தாங்கவில்லையாம். காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

14-11, திங்கள்

ஆபீஸ் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிட வேண்டும்.

நல்லதம்பி செத்துப்போனான்.

ஞாயிறு விடியலில் ந.தம்பிதான் எங்களை எழுப்பினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வவுறு நோவுதுடா. தாங்க முடியல." கு.வேல் கண்ணைத் திறக்காமலே, "ஆரம்பிச்சுட்டாண்டா. ஊட்டுக்குப் போறதுக்கு நாடகம்" என்றான். நானும் சிரித்தேன். அப்படித்தான் நினைத்தேன். கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று அ.நாரி சுக்கு தட்டிக் கொடுத்தான்.

ஏழு மணி. ந.தம்பி கரையில் போய் நின்றான். பரிசல் வரவில்லை. அக்கரையில் ஆறுமுகம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தது நன்றாகத் தெரிந்தது.

எட்டு மணி வாக்கில் ந.தம்பிக்கு இமை தொங்க ஆரம்பித்தது. "கண்ணு தொறக்க மாட்டீங்குது. என்றா இது?" குடித்தவனைப் போல் இருந்தான். அவன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எங்கள் புத்தியில் ஏறியது. கு.வேல் எழுந்து துண்டை வீசினான். அ.நாரி வேட்டியையே அவிழ்த்து வீசினான்.

ஆறுமுகம் நிமிர்ந்து பார்த்தார். கையை உயர்த்திப் பதிலுக்கு ஆட்டினார். மறுபடி குனிந்து வலையைப் பின்னினார்.

கு.வேல் சொல்லக் கூசும் வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினான். துண்டு வீசிப் பயனில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். நானும் வீசினேன். நானும் அவரைத் திட்டினேன். தோள் வலிக்கும் வரை வீசினேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். துண்டுக்கு வரமாட்டார், வேறு ஏதாவது செய்யுங்கள் என்று. கு.வேல் என்னை அடித்திருப்பான், அவ்வளவுதானே. அந்த அடிக்குப் பயந்தேன். இதை எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை, ஆனால் காரணம் அதுதான்.

கு.வேல் தண்ணீரில் குதித்தான். நாங்கள் எல்லாரும் கிணற்றில் நீச்சல் பழகினவர்கள். மோட்டார் ரூம் மேலேயிருந்து தலைகீழாகக் குதிப்போம், அடியில் போய் மண் எடுத்து வருவோம். நகராத தண்ணீர்தான் எங்களுக்குத் தெரியும். பத்து கை போடுவதற்குள் ஆறு அவனைத் திட்டின் கடைசி வரை இழுத்துப்போனது. கோரையைப் பிடித்து ஏறி வந்தான்.  நான் முழங்கால் வரை இறங்கிவிட்டுத் திரும்பினேன்.

பதினொரு மணிக்கு ந.தம்பிக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. பேச்சு குழறியது. என் மடியில் தலை. "பரிசல் வருமாடா மணி?" என்றான். "வரும்" என்றேன். "ரிக்குக்காரங்க வந்து நிப்பாங்க" என்றான். அப்புறம் பேச்சு இல்லை. கண் மூடியே இருந்தது. நான் பேசுவது கேட்கிறதா என்று விரலை அமுக்கச் சொன்னேன், அமுக்கினான்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தார்ப்பாயை இழுத்து அடுப்பில் போட்டு, காய்ந்த நாணலை வெட்டிக் குவித்தேன். மீதமிருந்த சாராயத்தை அதன் மேல் ஊற்றினேன். சாமி இருக்கிற இடம் என்று அ.நாரி கையைப் பிடித்தான், தள்ளிவிட்டேன். கறுப்புப் புகை. பார்த்ததும் ஆறுமுகம் எழுந்தார். பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேல்புறமாக ஓடினார், ஓட்டத்தோடு இறங்கி வருவதற்கு. அரை மணியில் எங்களிடம் வந்துவிட்டார். அவ்வளவுதான் நேரம். அரை மணி.

பரிசலில் என்னையே பார்த்தார்.  துடுப்புப் போட்டார்.

கரையேறியதும் கு.வேல் அவர் கன்னத்தில் அறைந்தான். "ஏழு மணிக்கு வரச்சொன்னா கை ஆட்டறயா? மூணு மணி நேரமா வீசறோம், கண்ணு அவிஞ்சு போச்சா?" ஆறுமுகம் கன்னத்தைப் பிடித்தபடி, "திங்கக்கெழமதானுங்களே வரச்சொன்னீங்க. வீசுனாலும் வராதன்னு சொன்னீங்கல்லங்க" என்று என்னைப் பார்த்தார். கு.வேலும் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு திரும்பி அவரை இன்னொரு அறை அறைந்தான். முதல் அடியை விட பலமாக.

ஒரு டிராக்டர் கிடைத்தது. ட்ரெய்லரில் நெல் தவிட்டு மூட்டைகளின் நடுவே படுக்க வைத்தோம். வேலூர் எல்லைக்கு முன்னாலேயே மூச்சு நின்றுவிட்டது. அ.நாரிதான் முதலில் கவனித்தான். டிரைவருக்குத் தெரியாது, ஆரனை அடித்துக்கொண்டே ஓட்டினான்.

15-11, செவ்வாய்

எடுத்தாயிற்று. தூறல்.

டாக்டர் சொன்னது: கட்டுவிரியன். தூக்கத்தில் கடித்தால் கொசுக்கடி அளவுக்குக் கூடத் தெரியாதாம். காதுக்குப் பின்னால் இரண்டு புள்ளி, ஊசி நுனி மாதிரி. முதலில் வயிற்று வலிதான் வருமாம். "எட்டு, ஒம்பது மணிக்கெல்லாம் கொண்டாந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். இதை என்னிடம் மட்டும் சொல்லவில்லை. ந.தம்பியின் அண்ணன், மச்சான், பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டார்கள். ஸ்டேஷனில் பாம்புக்கடி என்று எழுதிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டேன்.

ரிக் வண்டி ஞாயிறு சாயங்காலம்தான் வந்து, விவரம் தெரிந்து அப்படியே திரும்பிவிட்டதாம்.

சரசு (ந.தம்பி மனைவி) அழவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "ஏழு மணிக்கு வந்துருவேன்னு சொல்லிப்போட்டுத்தான் போனாருங்க" என்று ஒரே வாக்கியம். என்னிடமும் அதேதான். நான் அவர் கையைப் பிடிக்கவில்லை. தூரமாக நின்றேன்.

கருகிய தார்ப்பாயைப் பற்றி முதலாளி எதுவும் கேட்கவில்லை.

17-11, வியாழன்

கு.வேல் மாலை போட்டுக்கொண்டான். கறுப்பு வேட்டி, நெற்றி நிறைய சந்தனம். பட்டறை வழியாகப் போனேன். "சாமி சரணம்" என்றான்.

அ.நாரி வேறு காரணம் கண்டுபிடித்திருக்கிறான். ந.தம்பி கறியை இரண்டு துண்டுக்கு மேல் தொடவில்லையாம், ஆறு தாண்டுவதிலேயே குறியாக இருந்தானாம், கருப்பன் கணக்குத் தீர்த்துவிட்டானாம். ரேஷன் கடை வரிசையில் எல்லாருக்கும் சொல்கிறான். அரிசி வாங்கினவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள். நல்ல வசதி. அவன் கிடா, அவன் சாமி, அவன் பையன் பத்திரம்.

மத்தியானம் செய்தி. ந.தம்பியின் மச்சான் எட்டுப் பேரோடு ஆற்றோரம் போயிருக்கிறான். ஆறுமுகத்தை வேப்பமரத்தில் கட்டி வைத்து அடித்திருக்கிறார்கள். பரிசலை வெட்டி அடுப்பெரித்துவிட்டார்கள். விலா எலும்பு ஒன்று போயிற்று என்கிறார்கள்.

சாப்பிடவில்லை. சாந்தா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

18-11, வெள்ளி

நூற்றெட்டு லோடு சீட்டு. எல்லாவற்றிலும் தேதி தப்பாகப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை ஊரில் பஞ்சாயத்தாம். அடித்தது சரியா என்று இல்லை. ஆறுமுகம் துறையில் இனிப் பரிசல் போடலாமா என்று. நாங்கள் மூவரும் வந்து சொல்ல வேண்டும்.

போய் உண்மையைச் சொல்லிவிடுவேன். முடிவு.

19-11, சனி

முடிவு, முடிவு என்று நேற்றே எழுதியிருக்கிறேன். இன்று மச்சான்காரன் ஆபீஸுக்கு வந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். "அந்த நாயி உங்க பேரச் சொல்லுதுங்க. நீங்கதான் வரவேண்டாம்னு சொன்னீங்களாமா. சொல்றதுக்கு ஒரு அளவு வேண்டாங்களா? நம்ப மாட்டேன்னு மொதல்லயே சொல்லிப்போட்டுத்தான் வந்தேன்." அவன் கை முட்டி இன்னும் வீங்கியிருந்தது. டீ சூடாக இருந்தது. குடித்து முடித்தேன்.

20-11, ஞாயிறு

மாரியம்மன் கோவில் மைதானம். வெயில். அறுபது பேர் இருக்கும்.

கு.வேல் வரவில்லை. மாலை போட்டவன் பொய் சொல்லக் கூடாது, அதனால் பழனிக்குப் போய்விட்டான். அவன் சாமர்த்தியமே சாமர்த்தியம். அ.நாரி, தனக்கு ஒன்றும் தெரியாது, தான் எண்ணெய் எடுக்கப் போகவில்லை என்றான்.

ஆறுமுகம் தரையில் உட்கார்ந்திருந்தார். நிற்க முடியவில்லை போல. மார்பைச் சுற்றிப் பழைய சேலைக் கட்டு. பெரியவர்கள் கேட்டதும் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. நான் சொன்னதை நான் சொன்ன வரிசையிலேயே சொன்னார். "எரியற சூடத்தக் கையால அணைச்சுச் சத்தியம் பண்றேனுங்க. இந்த ஆத்தா முன்னால இப்பவே அணைக்கறேன்." அவர் சம்சாரம் மடியிலிருந்து சூடத்தை எடுத்து வெளியே வைத்தாள். கொண்டே வந்திருந்தாள்.

ஊர்ப் பெரியவர் ஒருவர், "நீ அணைச்சா ஆச்சா? செத்தவன் எந்திரிச்சு வருவானா?" என்றார். சூடத்தை யாரும் தொடவில்லை.

பிறகு என்னிடம். "ஏனுங் தம்பி, நீங்க அப்படிச் சொன்னதுண்டுங்களா?"

சூடம் அணைக்கச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். சொல்லியிருந்தால் என்னால் அணைத்திருக்க முடியாது. சத்தியமாக முடியாது. அதை நம்பித்தான் போனேன். நானும் சூடத்தைப் பார்த்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "படிச்ச புள்ள, ஆபீஸ்ல இருக்கறவரு. அவரையப் போயி சூடம் அணைக்கச் சொல்றதா? வாயால சொன்னாப் போதும்."

வாயால் சொன்னேன். "அப்படி நான் எதுவும் சொல்லல."

ஆறுமுகம் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் கோபம் கூட இல்லை, குழப்பம். அவர் சம்சாரம் மட்டும் மண்ணை வாரி இறைத்தாள். யார் மேல் என்று குறிப்பில்லாமல். அவளை இழுத்துப் போனார்கள்.

துறை வேறொருவனுக்கு. ஆறுமுகம் அந்தப் பக்கம் பரிசல் போடக் கூடாது. மச்சான் என் தோளைத் தட்டினான்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

22-11, செவ்வாய்

சாந்தாவிடம் சொன்னேன். சும்மா இருந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "ரெண்டு நாளுக்கா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"போயிச் சொல்லுங்க" என்றாள். சொன்னால் என்னை அடிப்பார்கள், வேலை போகும், மூன்று குழந்தை என்று நான் பேசிக்கொண்டே போனேன். அவள் எழுந்து பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள். திரும்பி வரவில்லை.

பாய் இப்போது தனி. அண்ணி கவனித்திருப்பாள், கேட்கவில்லை.

29-11, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சரசு வந்தார், ந.தம்பியின் அண்ணனோடு. இன்ஷூரன்ஸ் பேப்பரில் சாட்சிக் கையெழுத்து வேண்டும். போட்டேன். "உங்க மடியிலதானுங்கண்ணா தல வெச்சிருந்தாரு? ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்றார். உங்கள் பெயரைச் சொன்னான் என்றேன். சொல்லவில்லை. ரிக்கைத்தான் சொன்னான். அவர் முதன்முறையாக அழுதார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பொய் இவ்வளவு சுலபமாக வருகிறது இப்போது. வாயிலேயே தயாராக இருக்கிறது.

5-12, திங்கள்

குளிர். மேகமூட்டம்.

பத்து மணிக்கு ஆறுமுகம் ஆபீஸ் வாசலில். முதலில் அடையாளம் தெரியவில்லை, கரைமேல் பார்த்த ஆள் இல்லை. கத்தி வைத்திருக்கிறாரா என்றுதான் முதல் யோசனை ஓடியது. வெட்கக்கேடு.

"சாமி, லோடுமேன் வேல ஏதாச்சும் கெடைக்குங்களா? நாமக்கல்ல உங்களத் தவுர எனக்கு ஆரையும் தெரியாதுங்க."

இதைக் கேலியாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. துறை போன பிறகு அவர் ஊரில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. என் பெயரை மேஸ்திரியிடம் சொன்னால் சேர்த்துக்கொள்வார்களாம், யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மேஸ்திரியிடம் சொன்னேன். விலா கட்டுப் பற்றிச் சொல்லவில்லை, சொன்னால் எடுக்கமாட்டான். சாயங்காலம் வரை ஜவ்வரிசி மூட்டை தூக்கினார். ஒவ்வொரு மூட்டைக்கும் என் ஜன்னலைத் தாண்டிப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார்.

7-12, புதன்

ஜன்னலைச் சாத்தினேன். காற்று வரவில்லை என்று டைப்பிஸ்ட் திறந்துவிட்டார்.

9-12, வெள்ளி

சேலத்துக்கு மூன்று லோடு, திருச்சிக்கு ஒன்று. பேனா முள் வளைந்துவிட்டது.

சாப்பாட்டு நேரம். ஆபீஸில் நான் மட்டும். ஆறுமுகம் உள்ளே வந்தார். வாசல்படியைத் தாண்டி வருவதில்லை, இன்று வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. கோவிச்சுக்காதீங்க."

கேளுங்கள் என்றேன்.

"அன்னைக்கு பரிசல்ல நீங்க சொன்னது... எனக்கே இப்ப வெளங்கலீங்க. அத்தன பேரு சொல்றாங்க. எம் புள்ளையே சொல்றான், நீயா நெனச்சுக்கிட்டிருப்பேன்னு. நீங்க எனக்கு வேல வாங்கிக் குடுத்திருக்கறீங்க, உங்களுக்கு எம் மேல என்ன பக? நீங்க அப்படிச் சொல்லவே இல்லீங்கதானே? நானாத்தான் மனசுல நெனச்சுக்கிட்டனுங்களா? அப்படீன்னா ஒரு உசுர நாந்தானுங்க கொன்னிருக்கறேன். ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. தெரிஞ்சாப் போதுமுங்க."

பஞ்சாயத்தில் அறுபது பேர் இருந்தார்கள். மச்சான் இருந்தான். இங்கே ஒருவரும் இல்லை. கதவு திறந்திருந்தது, தெருவில் ஒரு ஆடு நின்றது. அவர் கையில் ஒன்றுமில்லை.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

 பிறகு என்னைக் கும்பிட்டுவிட்டு, மூட்டை எடுக்கப் போனார்.